ஏ.எம்.ஹெச். 0.7 என்றால் கருமுட்டைகள் தீர்ந்துவிட்டன என்று பொருளா?

2025 பிப்ரவரி 2 – வாசகர் கேள்வி

எனக்கு வயது 32. திருமணமாகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகள் கழித்துக் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று இருந்தோம். உடல்நலப் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றில் கருமுட்டை இருப்பைக் கணிக்கும் ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோன் சோதனையும் சேர்ந்திருந்தது. அளவு 0.7 நானோகிராம் என்று வந்து, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘குறைவு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். மாதவிடாய் 27 அல்லது 28 நாட்களுக்கு ஒரு முறை தவறாமல் வருகிறது. கருமுட்டைகள் தீர்ந்துவிட்டன என்றும், இனி இயற்கையாகக் கருத்தரிக்க இயலாது, உடனே ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு) செய்துகொள்ள வேண்டும் என்றும் படித்தேன். இது உண்மையா?

பிப்ரவரி 2, இரவு

உண்மையில்லை. நான் மருத்துவர் அல்லள். பன்னிரண்டு ஆண்டுகளாக ஆய்வகத்தில் ஹார்மோன் சோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். உங்கள் கையில் இருப்பதைப் போன்ற அறிக்கைகளை நாள்தோறும் அச்சிட்டு அனுப்புபவள் என்பதால், அந்தச் சிவப்பு எழுத்து எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கணினியில் ஒரு கீழ்வரம்பு பதிந்திருக்கும். எண் அதற்குக் கீழே போனால் நிறம் தானாக மாறும். உங்கள் வயதையோ, மாதவிடாயின் ஒழுங்கையோ, நீங்கள் இன்னும் முயலவே தொடங்கவில்லை என்பதையோ அந்தக் கணினி அறியாது.

2017-ல் ஜாமா மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. குழந்தையின்மைச் சிக்கல் ஏதும் இல்லாத, கருத்தரிக்க அப்போதுதான் முயலத் தொடங்கியிருந்த, 30 முதல் 44 வயது வரையிலான ஏறத்தாழ 750 பெண்களை அதில் தொடர்ந்து கவனித்தார்கள். ஏ.எம்.ஹெச். 0.7-க்குக் கீழே இருந்த பெண்களில் 12 மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குள் கருத்தரிப்பதற்கான நிகழ்தகவு 84 விழுக்காடு. இயல்பான அளவு இருந்தவர்களில் 75 விழுக்காடு. வயது முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகு வந்த எண்கள் இவை. குறைவாக இருந்தவர்களே அதிகம் கருத்தரித்தார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. இரண்டு எண்களுக்கும் இடையே புள்ளியியல் அடிப்படையில் வேறுபாடு இல்லை என்பதே முடிவு.

ஆகவே இன்றிரவு உறங்குங்கள்.

பிப்ரவரி 3

அறிக்கையைக் கண்டு நடுங்கியவர்களுள் நானும் ஒருத்தி என்பதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். 34 வயதில், எங்கள் ஆய்வகத்திலேயே, என் இரத்தத்தை நானே குழாயில் ஏற்றி வைத்தேன். 0.8 என்று வந்தது. பிறருடைய எண்களைப் பார்த்துப் பழகிய கண்கள் என் எண்ணைப் பார்த்தபோது அந்தப் பழக்கம் எதற்கும் உதவவில்லை. மூன்று மாதங்கள் கழித்து வேறோர் ஆய்வகத்தில் மீண்டும் கொடுத்தபோது 7.2 என்று வந்தது. ஒன்பது மடங்கு உயர்ந்துவிட்டது என்று என் கணவர் பூரித்துப்போனார். முதல் அறிக்கை மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருந்தது. இரண்டாவது லிட்டருக்குப் பிகோமோல் கணக்கில் இருந்தது. நானோகிராம் எண்ணை 7.14-ஆல் பெருக்கினால் பிகோமோல் எண் கிடைக்கும். 7.2 பிகோமோல் என்பது ஏறத்தாழ 1.0 நானோகிராம்தான். அதை அவருக்கு எடுத்துச் சொன்ன அந்த மாலைப்பொழுது இன்னும் நினைவில் இருக்கிறது.

பிப்ரவரி 5

முதல் பதிலில் ஒரு திருத்தம். நான் குறிப்பிட்ட ஆய்வு அளந்தது கருத்தரிப்பை மட்டுமே; குழந்தை பிறந்ததா என்பதை அன்று. அதில் பங்கேற்றவர்கள் அனைவரும் அப்போதே முயலத் தொடங்கியவர்கள். இன்று 0.7 இருக்கும் ஒருவர் இரண்டு ஆண்டுகள் காத்திருந்துவிட்டு முயன்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த ஆய்வு விடை தரவில்லை. நம் தோழி கேட்டதோ ஏறக்குறைய அந்தக் கேள்வியைத்தான். ஆறுதல் சொல்லும் வேகத்தில் அதைக் கவனிக்காமல் விட்டேன்.

பிப்ரவரி 8

‘கருமுட்டை இருப்பு’ என்ற சொல்லே தவறான படத்தை மனத்தில் வரைந்துவிடுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். முற்றிலும் சரி. இருப்பு என்றவுடன் யாரோ உள்ளே சென்று எண்ணிப் பார்த்துவிட்டு வந்தது போல நினைக்கிறோம்.

தாயின் வயிற்றில் 20 வாரக் கருவாக இருக்கும்போது ஒரு பெண்ணிடம் 60 முதல் 70 இலட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சமாகவும், பூப்பெய்தும் காலத்தில் மூன்று நான்கு இலட்சமாகவும் அவை குறைந்துவிடுகின்றன. வாழ்நாள் முழுவதிலும் சினைப்பையிலிருந்து முதிர்ந்து வெளிவருபவை நானூறு ஐந்நூறுதான். எஞ்சியவை வளரத் தொடங்கி இடையிலேயே அழிந்துபோகின்றன. உறக்க நிலையில் இருக்கும் கருமுட்டைகளை எண்ணும் இரத்தச் சோதனை எதுவும் இல்லை. உறக்கம் கலைந்து வளரத் தொடங்கிய சிறிய ஃபாலிக்கிள்கள், அதாவது கருமுட்டையைச் சுமக்கும் நுண்பைகள், ஏ.எம்.ஹெச். என்னும் ஆன்டி முல்லேரியன் ஹார்மோனைச் சுரக்கின்றன. ஃபாலிக்கிள் 8 மில்லிமீட்டர் அளவைத் தாண்டி வளரும்போது அந்தச் சுரப்பு பெரிதும் குறைந்துவிடுகிறது. அந்த மாதத்தில் தேர்வாகி முதிரும் ஃபாலிக்கிளின் பங்கு இதில் மிகச் சிறியது என்பதால்தான் மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம் என்கிறோம். உறங்குபவை மிகுதியாக இருந்தால் விழிப்பவையும் மிகுதியாக இருக்கும் என்ற அனுமானத்தில்தான் மறைமுகமாக இருப்பைக் கணிக்கிறோம்.

‘ஆன்டி முல்லேரியன்’ என்று ஏன் பெயர் எனக் கேட்டவருக்கு: ஆண் கருவில் இதே ஹார்மோன் விரைகளிலிருந்து சுரந்து, கருப்பையாகவும் கருக்குழாய்களாகவும் வளரக்கூடிய முல்லேரியன் நாளங்களைக் கரைத்துவிடுகிறது. பிரெஞ்சு அறிவியலாளர் அல்ஃப்ரெட் ஜோஸ்ட் 1940-களில் முயல் கருக்களில் செய்த சோதனைகள் இப்படியொரு பொருள் இருக்க வேண்டும் என்று காட்டின. சினைப்பையின் நிலையை அறிய அதைப் பயன்படுத்தத் தொடங்கியது பல பதிற்றாண்டுகள் கழித்துத்தான்.

பிப்ரவரி 8, சற்று நேரம் கழித்து

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். இந்த எண் அளவைப் பற்றியது. தரத்தைப் பற்றியது அன்று. கருமுட்டையில் குரோமோசோம் பிழை நேரும் வாய்ப்பு வயதோடு சேர்ந்து கூடுகிறது. 30 வயதில் 0.7 உள்ளவரின் கருமுட்டைகள் 30 வயதுக்குரியவை. 42 வயதில் 3.0 உள்ளவரின் கருமுட்டைகள் 42 வயதுக்குரியவை.

என் முதல் கரு ஏழாவது வாரத்தில் கலைந்தபோது பழைய அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு அந்த 0.8-ஐயே குற்றவாளியாக்கினேன். தொடக்கக் காலக் கருச்சிதைவுகளில் பாதி அளவுக்காவது கருவின் குரோமோசோம் பிழையே காரணம் என்பதை நான் வகுப்பில் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன். துயரத்தில் இருப்பவருக்குக் கையில் ஏதோ ஓர் எண் கிடைத்துவிட்டால், அது பொறுப்பேற்க முடியாத குற்றத்தையும் அதன் மேல் சுமத்திவிடுவார்.

பிப்ரவரி 12

“எஃப்.எஸ்.ஹெச். இயல்பாக இருக்கிறது, பிறகு ஏன் கவலை” என்று எழுதியவருக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் என் அக்காவின் விஷயத்தில் இதே இடத்தில்தான் எட்டு மாதங்கள் வீணாயின.

எஃப்.எஸ்.ஹெச். என்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைக்கு அனுப்பும் கட்டளை. ஃபாலிக்கிள்கள் குறையக் குறைய அவற்றிலிருந்து திரும்பி வரும் அடக்கும் சைகையும் குறைகிறது. கட்டளையின் அளவு உயர்கிறது. மாதவிடாயின் இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் எடுத்த இரத்தத்தில் அது லிட்டருக்கு 10 அலகுகளைத் தாண்டினால் இருப்பு குறைந்திருக்கலாம் என்று கொள்கிறார்கள். ஆனால் அந்த உயர்வு மிகவும் தாமதமாக வரும் அடையாளம். ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் இடையே அது ஏறி இறங்கவும் செய்யும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. என் அக்காவுக்கு அப்போது வயது 41. எஃப்.எஸ்.ஹெச். 6.8 என்று வந்தது. இயல்பு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அதே அறிக்கையின் அடுத்த வரியில், வளரும் ஃபாலிக்கிள்கள் சுரக்கும் எஸ்ட்ராடியால் என்ற ஹார்மோன் 92 பிகோகிராம் என்று இருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை. சுழற்சியின் தொடக்கத்தில் எஸ்ட்ராடியால் 60, 80-ஐத் தாண்டியிருந்தால், ஒரு ஃபாலிக்கிள் முன்கூட்டியே வளரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த எஸ்ட்ராடியாலே எஃப்.எஸ்.ஹெச்.-ஐ அமுக்கி வைத்து இயல்பானது போலக் காட்டிவிடும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் எஃப்.எஸ்.ஹெச். சோதனைக்குப் பொருள் உண்டு. தனியாக எடுத்த எஃப்.எஸ்.ஹெச். அறிக்கையை வைத்து நிம்மதியடைய வேண்டாம்.

பிப்ரவரி 12, ஒரு சிறு குறிப்பு

நாள் கணக்கு: நன்றாக உதிரம் வெளியேறத் தொடங்கும் நாளே முதல் நாள். அதற்கு முன் படும் கறை கணக்கில் சேராது.

பிப்ரவரி 19

“எந்த நாளிலும் எடுக்கலாம்” என்று 8-ஆம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு, கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் வாக்கியம் அப்படிப் பொருள்படும் என்று நான் நினைக்கவில்லை, திருத்திக்கொள்கிறேன். சுழற்சியின் எந்த நாளிலும் எடுக்கலாம். எந்த நிலையிலும் எடுக்கலாம் என்பது இல்லை. ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரைகளை எடுத்துக்கொள்ளும் பெண்களிடம் ஏ.எம்.ஹெச். 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்து காணப்படலாம். நிறுத்தி இரண்டு மூன்று மாதங்கள் ஆன பிறகு அது மீளும்.

மாதவிடாய் வலிக்காக ஐந்து ஆண்டுகள் அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்திய மறு வாரமே முதல் சோதனை. எனவே 0.8-லிருந்து 1.0-க்கு வந்தது மாத்திரை நின்றதால்தான் என்று பல ஆண்டுகள் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். இப்போது யோசித்தால் அப்படி உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒரு நிறுவனத்தின் சோதனைக் கருவி தரும் எண்ணும் மற்றொன்று தரும் எண்ணும் அப்படியே ஒத்துப்போவதில்லை. ஒரே பெண்ணிடம் மாதத்துக்கு மாதம் சிறிய ஏற்ற இறக்கமும் உண்டு. 0.2 என்ற வேறுபாடு இவற்றுக்குள்ளேயே அடங்கிப்போகக்கூடும்.

முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் கட்டாயம் ஆய்வகத்தில் சொல்லுங்கள். 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் போன்ற உயர்ந்த அளவுகளில் அது சில சோதனை முறைகளில் குறுக்கிடும். பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடினையும் பிணைத்து இயங்கும் கருவிகளில் ஏ.எம்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். ஆகியவை பொய்யாகக் குறைந்தும், எஸ்ட்ராடியால் பொய்யாக உயர்ந்தும் வரலாம். இரத்தம் எடுப்பவர் கேட்க மாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும்.

மார்ச் 1

அப்படியானால் இந்தச் சோதனையே வேண்டாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நான் சொன்னது அவ்வளவு தூரம் போய்விட்டதை எண்ணி வருந்துகிறேன். இது மிகவும் நல்ல சோதனை. எந்தக் கேள்விக்கு என்பதில்தான் குழப்பம். கருத்தரிப்பேனா என்று கேட்டால் இது பதில் தராது. ஊசி மருந்து போட்டால் சினைப்பை எத்தனை கருமுட்டைகளைத் தரும் என்று கேட்டால் வேறெந்த இரத்தச் சோதனையையும் விடத் தெளிவாகப் பதில் தரும்.

ஐ.வி.எஃப். சிகிச்சையில் மருந்தின் அளவைத் தீர்மானிக்க இந்த எண்ணும், ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளிலும் சேர்த்து எண்ணும் 2 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான ஃபாலிக்கிள்களின் எண்ணிக்கையும் பயன்படுகின்றன. எண் 3.5 அளவைத் தாண்டினால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, நீர் கோத்து, இரத்தம் உறைந்து உயிருக்கே ஊறு நேரக்கூடிய நிலை அது. முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் மருந்தைக் குறைப்பார், மாற்று வழியைத் தேர்வார். ஃபாலிட்ரோபின் டெல்டா என்ற ஊசி மருந்தின் அளவை ஏ.எம்.ஹெச். எண்ணையும் உடல் எடையையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். மறு எல்லையில், ஐ.வி.எஃப். சிகிச்சைக்காக 2011-ல் வகுத்த போலோனா அளவுகோல்கள் 0.5 முதல் 1.1 வரையிலான வரம்புக்குக் கீழே இருப்பதைக் குறைந்த பலன் கிடைக்கக்கூடியவர்களை அடையாளம் காட்டும் குறிகளுள் ஒன்றாகக் கொண்டன.

புற்றுநோய்ச் சிகிச்சையும் அப்படியே. சைக்ளோஃபாஸ்பமைடு போன்ற மருந்துகள் சினைப்பையைக் கடுமையாகத் தாக்குகின்றன. என்னுடன் பணியாற்றும் இளம்பெண்ணுக்கு 28 வயதில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, மருந்து ஏற்றத் தொடங்கும் முன்பே ஏ.எம்.ஹெச். பார்த்து, கருமுட்டைகளை உறைய வைப்பதற்கு இரண்டு வாரக் கால அவகாசத்தை மருத்துவர் பெற்றுத் தந்தார். அந்த நாட்களில் இந்த எண் அவளுக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதை அருகிலிருந்து பார்த்தேன். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்) கட்டியைச் சினைப்பையிலிருந்து அகற்றும் அறுவைக்கு முன்பும் இதைப் பார்த்துவைப்பது நல்லது; அந்த அறுவையே இருப்பைக் குறைத்துவிடக் கூடும்.

இவற்றில் எதுவும் இல்லாத, குழந்தையின்மைச் சிக்கலும் இல்லாத பெண்ணுக்கு, எதிர்காலக் கருத்தரிப்பைப் பற்றி ஆலோசனை சொல்வதற்காகப் பொதுவாக இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மற்றும் பெண்நோய் மருத்துவர்களின் கல்லூரி 2019-ல் கூறியது. உடல்நலத் தொகுப்புகளில் இதைச் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஆய்வகக் கூட்டத்திலும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 4

“எனக்கு 9.2, ஆகவே நான் கவலைப்பட வேண்டியதில்லை” என்று எழுதிய தங்கைக்கு: மாதவிடாய் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறைதான் வருகிறது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கல் உள்ளவர்களிடம் சிறிய ஃபாலிக்கிள்கள் குவிந்து நிற்பதால் ஏ.எம்.ஹெச். இரண்டு மூன்று மடங்கு உயர்ந்திருக்கும். அவற்றில் ஒன்றும் முதிர்ந்து வெளிவராவிட்டால் உயர்ந்த எண்ணால் பயனில்லை. 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், வயது வந்த பெண்களுக்குப் பி.சி.ஓ.எஸ். கண்டறியும்போது ஸ்கேனுக்கு மாற்றாக இந்தச் சோதனையைப் பயன்படுத்தலாம் என்கிறது. பதின்ம வயதினருக்கு அன்று. மருத்துவரைப் பாருங்கள்.

மார்ச் 23

கேள்வி கேட்ட தோழி மீண்டும் எழுதியிருக்கிறார். இதைப் படித்த பிறகு என் முதல் பதிலை அப்படியே நிற்க விட முடியவில்லை.

அவருடைய மருத்துவர் எடுத்த எடுப்பிலேயே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: “அம்மாவுக்கு எத்தனை வயதில் மாதவிடாய் நின்றது?” 39 வயதில். இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. எண்ணைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உறங்கச் சொன்னேன்.

மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதை ஒட்டி மாதவிடாய் நிற்கிறது; இந்தியாவில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே. 40-க்கு முன்பே சினைப்பையின் செயல்பாடு ஓய்ந்துபோவது தனி நோய்நிலை. தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ அது நேர்ந்திருந்தால் இதே 0.7-க்குப் பொருள் மாறிவிடுகிறது. எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட தொடர் 55 முதல் 200 முறை வரை மீண்டும் மீண்டும் வரும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. அந்தத் தொடர் அடுத்த தலைமுறையில் மேலும் நீண்டு, குழந்தைக்கு அறிவுத்திறன் குறைபாட்டை ஏற்படுத்தக்கூடும் என்பதால் கருத்தரிப்பதற்கு முன்பே அதை அறிந்துகொள்வது முக்கியம். அவருக்கு அந்தச் சோதனையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் எஃப்.எஸ்.ஹெச். 11.5, எஸ்ட்ராடியால் 38; ஸ்கேனில் இரு பக்கமும் சேர்த்து ஆறு ஃபாலிக்கிள்கள். இவையும் இருப்பு குறைந்திருப்பதையே காட்டுகின்றன.

“இயற்கையாகக் கருத்தரிக்க முடியாது என்பது உண்மையில்லை” என்று சொன்னதில் இன்றும் உறுதியாக இருக்கிறேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, வயது 32. இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடலாம் என்ற எண்ணத்தை மறுத்துப் பேசாமல் விட்டதுதான் என் பிழை. மாதவிடாய் எந்த ஆண்டு நிற்கும் என்று எந்தச் சோதனையாலும் ஒரு தனிப் பெண்ணுக்குத் துல்லியமாகச் சொல்ல முடியாது; அதனாலேயே குடும்ப வரலாறு இப்படி இருக்கும்போது காத்திருப்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 35 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஓர் ஆண்டு முயன்ற பிறகும், 35-ஐத் தாண்டியவர்கள் ஆறு மாதங்கள் முயன்ற பிறகும் மருத்துவரைப் பார்ப்பது என்ற பொது விதி இவருக்குப் பொருந்தாது. இவர் மருத்துவரோடு சேர்ந்தே முயலத் தொடங்க வேண்டியவர்.

முதல் பதிலை அழிக்கவில்லை. அதன் கீழே இந்தக் குறிப்பையும் படிக்கச் சொல்லி ஒரு வரி சேர்க்கும்படி நெறியாளரிடம் கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 30

எஃப்.எம்.ஆர்.1 சோதனை இயல்பாக வந்திருக்கிறது. தோழியும் அவருடைய கணவரும் இரண்டு ஆண்டுத் திட்டத்தைக் கைவிட்டு இந்த மாதமே முயலத் தொடங்கியிருக்கிறார்கள். ஆறு மாதங்களில் கருத்தரிக்காவிட்டால் அடுத்த கட்டம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஏ.எம்.ஹெச்.-ஐ மாதந்தோறும் எடுத்துப் பார்க்கட்டுமா என்று தோழி கேட்டிருக்கிறார். வேண்டாம், தோழி. அதனால் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு புது அச்சம் மட்டும் மிஞ்சும்.

மே 11

இன்று புதிதாக ஒருவர் “எனக்கு 4.9, நல்ல அளவுதானே” என்று மட்டும் எழுதியிருக்கிறார். பிகோமோல் கணக்கானால் அது ஏறத்தாழ 0.7 நானோகிராம், இந்த இழையின் முதல் கேள்வியும் அதே எண்தான். நானோகிராமானால் முற்றிலும் வேறு கதை. எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அலகு அச்சாகியிருக்கிறது, உங்கள் வயது என்ன, கருத்தடை மாத்திரையோ பயோட்டினோ எடுத்துக்கொண்டிருந்தீர்களா, அம்மாவுக்கு எத்தனை வயதில் மாதவிடாய் நின்றது என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு பேசுவோம்.